பிரஷ் கட்டர், பவர் வீடருக்கு இ20 பெட்ரோல்: எத்தனை நாள் டேங்கில் விடலாம்?

தோப்புக்காரன்

வணக்கம். தோப்பில் மூன்று இன்ஜின். 52 சிசி டூ-ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர், டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) வைத்த கார்ப், அதாவது கார்புரேட்டர், 25-க்கு 1 ஆயில் கலவை. 7 எச்பி பவர் வீடர், 170எஃப் வகை ஃபோர்-ஸ்ட்ரோக், மிதவை வைத்த கார்ப். 168எஃப் இன்ஜினோடு 2 கேவிஏ ஜெனரேட்டர். எல்லாவற்றுக்கும் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் சாதா பெட்ரோல்தான், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20.

பிரஷ் கட்டர் நான்கு மாதம் பெட்ரோலோடு நின்றிருந்தது. இப்போது சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்து ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைகிறது. பிரைமர் பல்பு பிசுபிசு என்று ஒட்டுகிறது, பெட்ரோல் டியூப் குச்சி மாதிரி விறைத்துவிட்டது. வீடர் சீராக ஓடாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, கார்ப்பின் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் வெள்ளைப் பொடி. ஜெனரேட்டர் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது.

வேலை இல்லாத நாளில் டேங்கைக் காலி செய்வதா, நிரப்பி வைப்பதா? கேனில் எத்தனை நாள் வைக்கலாம்? எத்தனால் இல்லாத பெட்ரோல் தேடிப் போவது அவசியமா?

---

கார்ப்மேசை

நீங்கள் சொன்னதில் மூன்று தனித்தனிக் கோளாறு இருக்கிறது. எல்லாவற்றையும் "எத்தனால் கெடுத்துவிட்டது" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் எதையும் சரி செய்ய முடியாது. தண்ணீர் ஒன்று, ரப்பர் ஒன்று, காற்று-பெட்ரோல் விகிதம் ஒன்று.

பின்னணியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022-இல் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டியது, 2025-இல் 20 வந்துவிட்டது. கார், பைக்குக்கு 2023 ஏப்ரல் முதல் இ20 தாங்கும் பாகங்கள் வரத் தொடங்கின. சின்ன இன்ஜின்களின் கதை வேறு. ஹோண்டா ஜிஎக்ஸ் இன்ஜின் கையேடு எத்தனால் 10 சதவீதம் வரைதான் என்கிறது. ஸ்டில் நிறுவன மெஷின்களின் கையேட்டில், கையால் திருகிச் சரிசெய்யும் கார்ப்புக்கு 10 சதவீதம், எம்-டிரானிக் (கலவையைத் தானே சரிசெய்யும் மின்னணு அமைப்பு) இருக்கும் மெஷினுக்கு 27 சதவீதம் வரை. உங்கள் மூன்றும் 10 சதவீத வகையைச் சேர்ந்தவை. ஆக, கையேடு அனுமதித்ததைப்போல் இரண்டு மடங்கு எத்தனால் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஓடவே ஓடாது என்று அர்த்தமில்லை. நிற்க விடக்கூடாது, கலவையைச் சரிசெய்யாமல் ஓட்டக்கூடாது என்று அர்த்தம்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். எத்தனால் தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். இ10 என்றால் சாதாரண வெயிலில் லிட்டருக்குச் சுமார் 5 மி.லி. வரை தாங்கும், இ20 அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். டேங்கில் டியூப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். டூ-ஸ்ட்ரோக்கில் இது உயிர்க்கொல்லி: 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், அடியில் இருக்கும் எத்தனால்-தண்ணீரில் ஆயிலே இருக்காது. அதை உறிஞ்சி ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து ஒரு வாரத்தில் பிரிந்துவிடும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். மூடி சரியாக இருக்கும் டேங்கில் அப்படி வேகமாக நடக்காது, மாதக் கணக்கில் ஆகும். நிஜத்தில் தண்ணீர் வருவது வேறு வழியில்: வாஷர் போன மூடி, மழையில் நனைந்த மெஷின், ஈரமான புனல், வாளியில் கழுவி உலராத கேன். ஐப்பசி மழையில் பங்கின் நிலத்தடித் தொட்டியிலேயே தண்ணீர் இறங்குவதும் உண்டு. பெருமழைக்கு மறுநாள் கேனில் வாங்காதீர்கள்.

ரப்பர் அடுத்தது. பழைய நைட்ரைல் ரப்பர் டயாஃப்ரம், டியூப், பிரைமர் பல்பு எல்லாம் எத்தனாலில் ஊறி முதலில் உப்பும். பெட்ரோல் வற்றியதும் உள்ளே இருந்த மென்மையாக்கும் பொருளும் போய், விறைத்து, வெடிப்பு விடும். உங்கள் பிரஷ் கட்டர் சோக்கில் மட்டும் ஓடுவதற்கு இதுதான் காரணமாக இருக்கும்: டயாஃப்ரம் விறைத்துப் போனதால் ஊசியைப் போதுமான அளவு திறக்கவில்லை, அல்லது சின்ன துளைகளில் பிசின் கட்டியிருக்கிறது.

வெள்ளைப் பொடி, கிண்ணத்தின் துத்தநாகமும் அலுமினியமும் ஈர எத்தனாலில் அரித்த உப்பு. பைலட் ஜெட்டில் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளைத் திருகு) அது ஒரு துணுக்கு போனாலே வீடர் ஏறி இறங்கும்.

மூன்றாவது விஷயத்தை, நீங்கள் இரண்டு சோதனை செய்து சொன்ன பிறகு எழுதுகிறேன். ஒன்று, பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் என்று அளப்பது. 100 மி.லி. அளவுக் குழாய் ஒன்று, கண்ணாடியாக இருந்தால் நல்லது. 10 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள், அதன் மேல் 100 கோடு வரை பெட்ரோல். மூடிக் குலுக்கி, மூடியை மெல்லத் தளர்த்தி ஆவியை விட்டு, பத்து நிமிடம் நிற்கட்டும். அடியில் நிற்கும் அடுக்கு எத்தனை மி.லி. என்று படியுங்கள். அதில் 10-ஐக் கழித்து, மீதியை 90-ஆல் வகுத்தால் எத்தனால் பங்கு. வெட்டவெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு சமையல் கலர் விட்டால் கோடு தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, பிரஷ் கட்டரை முழு ஆக்சிலேட்டரில் புல்லில் வைத்து, சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். கார்ப்பின் ரிப்பேர் கிட் (டயாஃப்ரம், ஊசி, கேஸ்கெட்) மாற்றிய பிறகு செய்யுங்கள், இப்போது வேண்டாம்.

---

வரப்பு

நம்ம ஊர்ல பலரும் செய்யற வழி ஒண்ணு இருக்குங்க. பெட்ரோல்ல தண்ணி ஊத்திக் குலுக்கி, எத்தனாலை அடியில இறக்கி, மேல இருக்கறதை மட்டும் எடுத்து மெஷினுக்கு ஊத்தறது. செலவில்லாம எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைச்சுருதுங்க. அப்புறம் பிஸ்டனுக்குப் பாதுகாப்பா 2டி ஆயிலைக் கொஞ்சம் கூட ஊத்திக்கலாம்.

---

எண்ணெய்க்கணக்கு

வரப்பு அண்ணே, இரண்டும் வேண்டாம். காரணத்தோடு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சுத்திகரிப்பு ஆலை பெட்ரோலைத் தயாரிக்கும்போதே, எத்தனால் சேர்ந்த பிறகு ஆக்டேன் (இன்ஜினில் தட்டாமல் எரியும் திறனின் அளவு) 95 வர வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அடிப்படைப் பெட்ரோலைத் தருகிறது. ஆக்டேனைத் தூக்கிக் கொடுப்பது எத்தனால். அதைக் கழுவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆக்டேன் குறைந்த பெட்ரோல். வெயிலில், சுமையில், காற்றால் குளிரும் சின்ன இன்ஜினில் அது தட்டும், சூடேறும். அதோடு கழுவிய பெட்ரோலில் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் துளிகள் தொங்கிக்கொண்டே இருக்கும், ஒரு ராத்திரி நிறுத்தி வடிகட்டினாலும் முழுக்கப் போகாது. எத்தனால் கொஞ்சம் இருந்தால் அந்தத் துளியையாவது கரைத்து வெளியே கொண்டுபோகும். இப்போது அதுவும் இல்லை.

கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்? அதில் எத்தனாலோடு பென்சீனும் கொஞ்சம் கரைந்திருக்கும். தீப்பிடிக்கும் திரவம் அது. வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றுவதை நினைத்தாலே பதறுகிறது. சோதனைக்கு 10 மி.லி. என்பது வேறு, ஐந்து லிட்டர் கழுவுவது வேறு.

ஆயிலைக் கூட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஜெட் வழியாகப் போகும் மொத்தத் திரவம் மாறாது. அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும். ஏற்கெனவே இ20-ஆல் பெட்ரோல் போதாமல் ஓடும் இன்ஜினை இன்னும் கொஞ்சம் பற்றாக்குறைக்குத் தள்ளுகிறீர்கள். சைலன்சர் துளையில் கரி கட்டுவது இலவசம். கையேடு 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி., 40-க்கு 1 என்றால் 25 மி.லி., 50-க்கு 1 என்றால் 20 மி.லி. மருந்துக்கடையில் 20 மி.லி. சிரிஞ்சு வாங்கி அளந்து ஊற்றுங்கள், பாட்டில் மூடியால் அளக்காதீர்கள். ஆயில் ஜாஸோ எஃப்டி தரம் என்று டப்பாவில் இருக்க வேண்டும். படகு மோட்டாருக்கு வரும் டிசி-டபிள்யூ3 ஆயில் தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கானது, பிரஷ் கட்டருக்கு ஆகாது.

கலக்கும்போது பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், ஒரு நிமிடம் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். ஒவ்வொரு முறை டேங்கில் ஊற்றும் முன்பும் கேனைக் குலுக்குங்கள்.

எத்தனால் இல்லாத பெட்ரோல்தான் வேண்டும் என்றால் பெரிய ஊர்ப் பங்குகளில் 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிறது. லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் கூடுதல். எத்தனால் இல்லை என்று பங்கில் சொன்னாலும், மேலே கார்ப்மேசை சொன்ன குழாய்ச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு நம்புங்கள்: அடி அடுக்கு 10 மி.லி.யிலேயே நிற்க வேண்டும். தினசரி ஓட்டத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை. நிறுத்தி வைக்கும் முன் கடைசியாக ஊற்ற ஒரு லிட்டர் போதும், அதற்கு அது கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும்.

---

தோப்புக்காரன்

குழாய்ச் சோதனை செய்தேன். அடி அடுக்கு 27 மி.லி.யில் நிற்கிறது. அப்படியானால் 17-ஐ 90-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19 சதவீதம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன், பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது. கார்ப் கிட் வாங்கிவிட்டேன். எந்த வரிசையில் மாற்றுவது?

---

கார்ப்மேசை

அளவு சரியாக வந்திருக்கிறது. எத்தனாலில் கொஞ்சம் மேலேயே தங்கிவிடும், அதனால் இந்தச் சோதனை எப்போதும் ஒன்றிரண்டு சதவீதம் குறைத்துத்தான் காட்டும். உங்களுடையது இ20 தான்.

பிரஷ் கட்டருக்கு வருவோம். டேங்கைக் காலி செய்து, 100 மி.லி. புதுப் பெட்ரோல் விட்டு அலசிக் கொட்டுங்கள். டியூப் இரண்டு இருக்கும், கார்ப்புக்குப் போவது ஒன்று, பிரைமரிலிருந்து திரும்புவது ஒன்று. இரண்டையும், டேங்கில் அவை நுழையும் ரப்பர் கட்டையையும், உள்ளே தொங்கும் ஃபில்டரையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். பழைய டியூபின் உள்விட்டத்தை அளந்து அதே அளவில், எரிபொருளுக்கென்று அச்சிட்ட எஃப்கேஎம் (எத்தனால் தாங்கும் ரப்பர்) உள்பூச்சு டியூப் கேளுங்கள். சில கடைகளில் மீன் தொட்டிக்கு வைக்கும் பிவிசி டியூபை வெட்டிப் போட்டு அனுப்புகிறார்கள். பார்த்தால் வயிறு எரிகிறது. இ20-இல் அது சில வாரத்தில் மஞ்சளாகி விறைத்து, இணைப்பில் விரிந்து காற்றை இழுக்கும். காற்று இழுத்தால் பெட்ரோல் குறையும், பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் போகும்.

கார்ப்பில் இரண்டு பக்கம் உண்டு. நடுவில் துளை இருக்கும் மூடிக்குப் பின்னால், பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் அளவு டயாஃப்ரம், மறுபக்கம் பம்ப் டயாஃப்ரம். ஒவ்வொரு படிக்கும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். அளவுப் பக்கத்தில் கார்ப் உடம்பை ஒட்டி முதலில் காகித கேஸ்கெட், அதன் மேல் டயாஃப்ரம், அதன் மேல் மூடி. இந்த வரிசை மாறினால் ஊசியைத் தூக்கும் நெம்புகோலின் உயரம் மாறி, ஒன்று வழியும், இல்லை பசியில் கிடக்கும். கழற்றிய டயாஃப்ரத்தை விரலில் தூக்கிப் பாருங்கள். பட்டுத்துணி மாதிரித் துவள வேண்டும். காகிதம் மாதிரிச் சடசடத்தால் அதுதான் குற்றவாளி. பம்ப் பக்கத்து டயாஃப்ரத்தில் இரண்டு சின்ன நாக்குகள் இருக்கும், அவை சுருண்டிருந்தாலும் அதே கதை.

பம்ப் மூடிக்குள் விரல்நகத்தைவிடச் சின்னதாக ஒரு வலைச் சல்லடை உண்டு. நிறையப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. ஊசியால் எடுத்துக் கழுவுங்கள். நெம்புகோலைக் கழற்றும் முன் அதன் உயரத்தைக் கார்ப் உடம்பின் விளிம்போடு ஒப்பிட்டு அளந்து குறித்துக்கொண்டு, புது ஊசி போட்ட பிறகு அதே உயரத்தில் நிறுத்துங்கள். கார்ப் கிளீனர் ஸ்பிரேயை டயாஃப்ரம் எல்லாம் வெளியே எடுத்த பிறகுதான் அடிக்க வேண்டும். துளைகளில் கம்பி விடுவதென்றால் செம்பு ஒயரின் ஒற்றை இழை. இரும்பு ஊசி, துரப்பணம் கூடவே கூடாது, பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் திரும்ப வராது.

பூட்டிய பிறகு பெட்ரோல் வரும் குழாயில் கைப்பம்பை மாட்டி 0.5 பார் அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் ஊசி சரியாக உட்காரவில்லை.

இனி நான் பாக்கி வைத்த மூன்றாவது விஷயம். சுத்தப் பெட்ரோல் 1 கிராம் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இ20-க்கு ஏறத்தாழ 13.5. அதாவது அதே காற்றுக்குச் சுமார் எட்டு சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் போக வேண்டும். காரில் ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். உங்கள் பிரஷ் கட்டருக்கு அந்தக் கண் இல்லை, ஜெட் பழைய அளவையே விடுகிறது. அதனால்தான் பிளக் வெளுத்திருக்கிறது.

எச் (வேக ஓட்டத்துக்கு), எல் (மெதுவான ஓட்டத்துக்கு) என்று இரண்டு திருகு இருந்தால் இரண்டையும் வலுக்கொடுக்காமல் உள்ளே முட்டும் வரை திருப்பி, ஒரு முழுச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். ஐந்து நிமிடம் ஓடிச் சூடான பிறகுதான் சரிசெய்ய வேண்டும். நைலான் தலையோ பிளேடோ மாட்டியிருக்க வேண்டும், வெறும் தண்டோடு முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் சுற்று எல்லை மீறும். முழு ஆக்சிலேட்டரில், புல்லைத் தொடாமல் பிடித்துக் கேளுங்கள். கீச்சென்று சுத்தமாகக் கத்தினால் பெட்ரோல் போதவில்லை. எச் திருகை எட்டில் ஒரு சுற்று வெளியே. லேசாகக் கரகரப்பு கலந்து ஓடி, புல்லில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து இழுக்க வேண்டும், அதுதான் சரியான இடம். பத்து நிமிடம் வேலை செய்து அணைத்து பிளக்கைப் பாருங்கள்: டீத்தூள் நிறத்துக்கும் காபி நிறத்துக்கும் நடுவில் இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

எல் திருகு மட்டும் இருக்கும் கார்ப் என்றால் மேலே சொன்ன பாதி சோக் சோதனை. சுமையில் சோக்கைப் பாதி மூடும்போது இழுவை கூடினால் மெயின் ஜெட் பசியில் இருக்கிறது. அந்தக் கார்ப்பை எச் திருகு உள்ள கார்ப்பாக மாற்றுவதே நல்லது, சோக்கைப் பாதி வைத்தே ஓட்டுவது தீர்வல்ல.

வீடருக்கு: பெட்ரோல் வால்வை மூடி, கிண்ணத்தின் 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றுங்கள். வெள்ளை உப்பைக் கார்ப் கிளீனர் கரைக்காது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, நைலான் பிரஷ், பிறகு காற்றடித்து முழுக்க உலர்த்தல். வினிகரோ எலுமிச்சையோ துத்தநாகத்தையே தின்னும், வேண்டாம். கிண்ணத்தில் குழி விழுந்திருந்தால் முழு கார்ப்பையே மாற்றுங்கள், இந்த வகைக்கு மலிவாகக் கிடைக்கிறது. பைலட் ஜெட், மெயின் ஜெட், அதன் மேல் நிற்கும் துளைக்குழாய் மூன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

சுத்தம் செய்தும் ஏறி இறங்கினால் ஜெட்டை ஒரு அளவு கூட்டலாம். ஜெட்டில் குத்தியிருக்கும் எண் துளையின் விட்டம், நூறில் ஒரு மி.மீ. கணக்கு. போகும் பெட்ரோல் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும், அதனால் எட்டு சதவீதப் பெட்ரோலுக்கு விட்டம் நான்கு சதவீதம் போதும். 75 என்றிருந்தால் 78. இ10-க்கே அளவெடுத்து வந்த இன்ஜின் என்றால் 77 போதும். 80-க்குத் தாவாதீர்கள், பிளக் கரியாகும், பெட்ரோல் வீணாகும்.

மிதவை ஊசியின் ரப்பர் நுனி உப்பியிருந்தால் நிற்கும்போது பெட்ரோல் சிலிண்டர் வழியாக இன்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடையோ, மட்டம் கோட்டுக்கு மேலேயோ இருந்தால் ஆயிலை மாற்றாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். 168எஃப், 170எஃப் இரண்டுக்கும் 0.6 லிட்டர்.

---

எண்ணெய்க்கணக்கு

நிறுத்தி வைப்பது பற்றிய கேள்விக்கு நான் எழுதுகிறேன், ஏனென்றால் "டேங்க் காலியா, நிரம்பியா" என்பதற்குப் பழைய பதில் இப்போது பொருந்தாது. இரும்பு டேங்கில் துரு பிடிக்காமல் இருக்க நிரப்பி வை என்பார்கள். சுத்தப் பெட்ரோல் காலத்துப் பேச்சு அது. இ20-இல் கெடப்போவது டேங்கைவிட கார்ப்.

டயாஃப்ரம் கார்ப் இருக்கும் பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் மெஷின்: இரண்டு வாரத்துக்கு மேல் வேலை இல்லை என்றால் டேங்கைக் கவிழ்த்துக் காலி செய்யுங்கள். பிரைமரை ஐந்தாறு முறை அழுத்தி டியூபில் இருப்பதையும் டேங்குக்குத் திருப்பிக் கொட்டுங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலில் தானாக அணையும் வரை விடுங்கள், முறுக்காதீர்கள், பெட்ரோல் தீரும் நேரத்தில் ஆயிலும் தீர்ந்திருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் அதற்கு முன்னால் ஒரு படி: எத்தனால் இல்லாத பெட்ரோலை அதே விகிதத்தில் 2டி கலந்து 100 மி.லி. ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டி, பிறகு காலி. டயாஃப்ரத்தில் மிஞ்சும் ஈரம் இ20-ஆக இல்லாமல் நல்ல பெட்ரோலும் ஆயிலுமாக இருக்கும். காய விட்டால் டயாஃப்ரம் விறைக்கும் என்று அஞ்சுபவர்களுக்கும் இதுதான் பதில்.

மிதவை கார்ப் இருக்கும் வீடர், ஜெனரேட்டர்: ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் பெட்ரோல் வால்வை மூடி, தானாக அணையும் வரை ஓட்டி, கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து மிச்சத்தை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். வெறுமனே ஓட்டி அணைத்தால் கிண்ணத்தின் அடியில் ஒரு ஸ்பூன் பெட்ரோல் தங்கும், அந்த ஒரு ஸ்பூன்தான் உங்கள் வெள்ளைப் பொடி. பாட்டிலில் பிடித்ததில் அடியில் உருண்டை உருண்டையாகத் தண்ணீர் தெரிந்தால் டேங்கையும் முழுக்க இறக்க வேண்டும்.

ஜெனரேட்டர் புயல் நாளில் உடனே ஓட வேண்டிய பொருள். அதனால் டேங்கைக் காலியாக வைத்து, பெட்ரோலை மூடிய கேனில் வைத்து, மாதம் ஒரு தடவை பாதிச் சுமையோடு இருபது நிமிடம் ஓட்டி மறுபடி வடித்துவிடுங்கள். சுமை இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் சரியாகச் சூடேறாது, ஆயிலில் இறங்கிய ஈரம் வெளியே போகாது.

கேனுக்கு வருவோம். 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் உரிமம் இல்லாமல் நீங்கள் வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் மொத்தம் 30 லிட்டர். பாத்திரம் உலோகம் என்றால் ஒன்று 25 லிட்டருக்கு மேல் போகக்கூடாது, கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, இறுக்கமான மூடி வேண்டும். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் தரமாட்டேன் என்று பங்கில் சொல்வது உங்கள் நல்லதற்குத்தான். துத்தநாகப் பூச்சுத் தகர கேன் இ20-க்கு ஆகாது, பூச்சைக் கரைத்து அதே வெள்ளைப் பொடியைக் கார்ப்புக்குக் கொண்டுபோகும். எவர்சில்வர், அல்லது உள்ளே எபாக்சி பூசிய இரும்பு ஜெர்ரி கேன்.

நிரப்பும்போது கேனைத் தரையில் வைத்து நிரப்புங்கள், பைக் மேலேயோ டிராக்டர் தொட்டியிலேயோ வைத்தபடி வேண்டாம், நிலைமின்சாரம் பொறி விடும். பத்தில் ஒரு பங்கு காலி விடுங்கள், வெயிலில் பெட்ரோல் விரிய இடம் வேண்டும். பாதி கேன் வைக்காதீர்கள், உள்ளே காற்று எவ்வளவு கூடுதலோ அவ்வளவு ஈரம் கூடுதல், அவ்வளவு ஆவி இழப்பு. 10 லிட்டர் கேனில் 4 லிட்டர் மிஞ்சினால் 5 லிட்டர் கேனுக்கு மாற்றுங்கள். மூடியில் வாங்கிய தேதியைப் பெயின்டால் எழுதுங்கள். ஆயில் கலந்தது 30 நாள், கலக்காத இ20 நிழலில் இறுக்கி மூடியிருந்தால் இரண்டு மாதம், அதற்கு மேல் நான் சின்ன இன்ஜினுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டெபிலைசர் சேர்த்தால் பிசின் கட்டுவது தாமதமாகும். பிரிந்துபோன பெட்ரோலை அது ஒட்ட வைக்காது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: கேனை மோட்டார் ரூமில் வைக்காதீர்கள். நிழலாக இருக்கிறது, பூட்டு இருக்கிறது என்று பலரும் அங்கேதான் வைக்கிறார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியில் கான்டாக்டர் ஒவ்வொரு முறை விழும்போதும் பொறி வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து அங்கே போய் நிற்கும்.

---

தேயிலைமேடு

மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. பெட்ரோல் குளிரக் குளிர அது தாங்கும் தண்ணீரின் அளவு குறையும். கீழே மேட்டுப்பாளையத்தில் வாங்கும்போது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்த பெட்ரோல், நீலகிரியில் மார்கழி இரவில் கலங்கி, காலையில் அடியில் பிரிந்து நிற்கலாம். இலை பறிக்கும் மெஷின், கவாத்து மெஷின் எல்லாம் பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக், ஆயில் இல்லாத அடி அடுக்கை உறிஞ்சினால் ஒரே காலையில் பிஸ்டன் போய்விடும். ராத்திரி வெளியே வைத்த கேனிலிருந்து காலையில் நேராக ஊற்றாதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். புகை மாதிரிக் கலங்கியிருந்தாலும், அடியில் ஒரு கோடு தெரிந்தாலும் அந்த கேன் மெஷினுக்கு ஆகாது.

வெயிலில் சூடானதும் கலங்கல் தெளிந்துவிடும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது, அடுத்த இரவு மறுபடி பிரியும். முழுக்கப் பிரிந்ததைக் குலுக்கி ஊற்றினாலும், பத்து நிமிடத்தில் டேங்கிலேயே மறுபடி பிரிந்துவிடும்.

---

தோப்புக்காரன்

கிட், டியூப் மாற்றி எச் திருகை எட்டில் இரண்டு சுற்று வெளியே எடுத்தேன், புல்லில் இழுக்கிறது, பிளக் நிறம் வந்துவிட்டது. வீடரில் பைலட் ஜெட் அடைத்திருந்தது, ஜெட் மாற்றாமலே சீராகிவிட்டது. நான்கு மாதம் பழைய ஆயில் கலந்த பெட்ரோல் 4 லிட்டர் இருக்கிறது, கலக்காத பழைய இ20 ஒரு 3 லிட்டர். என்ன செய்வது?

---

கார்ப்மேசை

வீடரில் ஜெட்டைத் தொடாமல் விட்டது சரி. ஒரு வாரம் ஓடிய பிறகு அந்த பிளக்கையும் பாருங்கள், வெளுத்திருந்தால் மட்டும் 78.

கலக்காத 3 லிட்டரின் அடியிலிருந்து கொஞ்சம் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். தெளிவாக, ஒரே அடுக்காக, வார்னிஷ் வாடை இல்லாமல் இருந்தால் பைக்கின் டேங்கில் புதுப் பெட்ரோல் பத்து பங்குக்கு இது ஒரு பங்கு என்று கலந்து மெல்லத் தீர்த்துவிடலாம். சின்ன இன்ஜின் எதற்கும் வேண்டாம். பிரிந்திருந்தால் பைக்குக்கும் வேண்டாம்.

ஆயில் கலந்த 4 லிட்டர் எதற்கும் உதவாது. நான்கு மாதத்தில் இலேசான பகுதி ஆவியாகிப் போயிருக்கும், ஸ்டார்ட்டிங்கே கஷ்டமாகும். செயின் கழுவ, துருப்பிடித்த போல்ட் ஊறவைக்க என்று வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள், அடுப்பு பற்றவைக்கவும் கூடாது. பழைய கேனில் ஊற்றி இறுக்கி மூடி, "கழிவு, பெட்ரோல்" என்று பெரிதாக எழுதி, பழைய இன்ஜின் ஆயில் எடுக்கும் பணிமனையில் முன்கூட்டிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சில இடத்தில் பெட்ரோல் கலந்ததை வாங்க மாட்டார்கள், அதனால் இன்ஜின் ஆயிலோடு சேர்த்து ஊற்றிவிடாமல் தனியாகவே கொண்டுபோங்கள்.

அடுத்த தடவை ஒரு நாள் வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கலக்குங்கள். உங்கள் கட்டருக்கு மணிக்கு எத்தனை மி.லி. போகிறது என்று ஒரு டேங்கை நேரம் பார்த்து ஓட்டினால் தெரிந்துவிடும். அந்த எண்ணைக் கேன் மேலேயே எழுதி வையுங்கள்.